அறைக்கு ஓர் அணு

2011ஆம் ஆண்டு மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, விடிகாலை ஐந்தேகால் மணிக்கு, மெராந்தித் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான மூன்றாம் லயத்தில் முத்தாயி வீட்டுக்கும் புனிதா வீட்டுக்கும் பொதுவாக இருந்த பலகைச் சுவர் நெடுக்கில் பிளந்து, இரண்டு வீடுகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கின. முதல் நாள் ஊசி நுழையும் இடைவெளிதான். மூன்றாம் நாள் விரல் நுழைந்தது. அந்த ஆண்டு தீபாவளிக்கு ஒரு லாரி திரும்பலாம். இன்று கோயில் படியில் நின்று பார்த்தால், மழை இல்லாத நாளில், முத்தாயி வீடு தீப்பெட்டி அளவு தெரியும். தோட்டத்தின் பரப்பு கூடவில்லை. நில அளவைக்காரர் இரண்டு முறை வந்தார். வெளியே சுற்றி அளந்தால் பழைய ஏக்கர்தான். உள்ளே அளந்தால் நாடா போதவில்லை. வெளி அளவையே எழுதிக் கொடுத்துவிட்டு அவர் சிரம்பானுக்குத் திரும்பினார்.

அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள். லயத்து வீடுகளில் நடக்க இடமில்லாமல் விருந்தாளிகள் படுத்திருந்தார்கள். சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்கள் லீவு போட்டு வந்திருந்தார்கள். கிள்ளானிலிருந்து மேளக்காரர்கள் முதல் நாளே வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில் தூங்கினார்கள். புனிதா கோப்பிக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் முத்தாயி ஒரு முறை “ஐயோ” என்றாள். ஒரே முறை. ஒரே சுவரில் சாய்ந்து வாழ்ந்த புனிதாவுக்கு, அந்தச் சுவரின் மேல் இடுக்கு வழியாகக் கறிவேப்பிலையும் தீப்பெட்டியும் மாற்றிக்கொண்டவளுக்கு, அந்த ஒன்று போதும். முத்தாயியின் கணவர் மணியம் போய்விட்டார். முதல் நாள் சாயங்காலம் அவர் பின்வாசலில் உட்கார்ந்து காப்பு நூலை மஞ்சளில் நனைத்து முறுக்கிக்கொண்டிருந்தார். வருடாவருடம் அது அவர் வேலை. நெஞ்சில் வாயு பிடித்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி, நூலை முடித்துக் கோயிலில் கொடுத்துவிட்டுத்தான் படுத்தார்.

வழக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. காப்புக் கட்டும் முன் லயத்தில் சாவு விழுந்தால் அந்த ஆண்டு திருவிழா இல்லை. கட்டிய பின் விழுந்தால் திருவிழா நிற்காது. ஆனால் காப்புக் கட்டிய கை சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. முத்தாயி வாசலுக்குப் புனிதா போக வேண்டுமானால் முன்கதவைத் திறந்து ஓர் எட்டு வைக்க வேண்டும். அவள் பின்கதவைத் திறந்து கோயிலுக்கு ஓடினாள். அங்கே அவள் கணவன் புவனேஸ்வரன் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தான். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறவன். அந்த ஆண்டு கோயில் தலைவர்.

“மணியம் அண்ணன் வீட்டுல சத்தம் கேட்டுச்சுங்க.”

“என்ன சத்தம்?”

“அழுவுற மாதிரி.”

“மாதிரிதானே?” என்றான் புவனேஸ்வரன். “காப்பு கட்டி முடியட்டும். அப்புறம் நல்லாக் கேளு.”

பூசாரி ஆறுமுகம் நல்ல நேரம் ஏழரைக்கு என்று நினைவுபடுத்தினார். “நேரம் இப்பவே நல்லாத்தான் இருக்கு சாமி. கட்டுங்க லா,” என்றான் புவனேஸ்வரன். பூசாரி அம்மனைப் பார்த்தார். பிறகு நூலை எடுத்தார். முதல் நூல் புனிதாவின் இடது கையில் ஏறியது. மேளக்காரர்களை எழுப்பிப் பலமாக வாசிக்கச் சொன்னார்கள். ஆறு மணிக்குள் லயத்தில் இருந்த எல்லாக் கைகளுக்கும் மஞ்சள் நூல் வந்துவிட்டது. லோபாக்கிலிருந்து வந்த விருந்தாளிகளுக்கும் கட்டினார்கள். புனிதாவின் ஒன்பது வயது மகள் குமுதவல்லியைத் தூக்கத்தோடு தூக்கிவந்து கட்டினார்கள். யாருக்குத் தெரிந்திருந்தது, யாருக்குத் தெரியவில்லை என்பது பிறகு பேசப்படவில்லை. மேளம் ஏன் இத்தனை சீக்கிரம் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. அதை வைத்து ஒருவாறு சொல்லலாம்.

விடிந்தபோது முத்தாயி தலைமுடியை அவிழ்த்துவிட்டு வாசலில் வந்து நின்றாள். மேளம் நின்றது. கோயில் வாசலில் மொத்த லயமும் நின்றது. நடுவில் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுத் திடல், அவ்வளவுதான் தூரம். வாய் திறக்க யாருக்கும் வரவில்லை. புவனேஸ்வரன் தன் கையைத் தூக்கி மணிக்கட்டைக் காட்டினான். அவனைப் பார்த்து எல்லோரும் தூக்கினார்கள். பிள்ளைகளின் கையைத் தாய்மார்கள் தூக்கிப் பிடித்தார்கள். முத்தாயி அந்தக் கைகளை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தாள். புனிதாவின் கைமேல் அவள் பார்வை சற்று நேரம் நின்றது. பிறகு உள்ளே போய்விட்டாள். புரிந்துகொண்டாள் என்று லயம் நினைத்தது. மணியத்தைத் தூக்க நான்கு பேர் வேண்டும். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஹரோல்ட் வந்தார். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர், கையில் நூல் இல்லை. குலை வெட்டும் வங்காளதேசத் தொழிலாளர்கள் மூன்று பேரை அழைத்துக்கொண்டார். என்ன முறை, எது முதலில் என்று அவர் கேட்கக் கேட்க முத்தாயியே சொன்னாள். பிள்ளை இல்லாத வீடு. கொள்ளிக்குடத்தை ஹரோல்ட் சுமந்தார். பாடை லயத்தின் பின்பக்கமாகப் போனது. கோயிலில் அந்த நேரம் கரகம் ஜோடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தீ மிதித்து, சாயங்காலம் காப்பை அவிழ்த்து ஆற்றில் விட்டார்கள். திங்கட்கிழமை விழித்தபோது காப்பு அவரவர் கையில் இருந்தது. நனைந்திருந்தது. கத்தரிக்கோலால் வெட்டினார்கள், மதியத்துக்குள் திரும்ப வந்துவிட்டது. பூசாரி மூன்று ஊர்க் கோயில்களுக்குப் போய்க் கேட்டுவந்து, வேறு வழியில்லை என்றார். அதில் ஒரு வசதியும் இருந்தது. கருமாதிக்கு யாரும் போகவில்லை, கையில் காப்பு இருந்தது. முதலாண்டுத் திதிக்கும் போகவில்லை, காப்பு இருந்தது. நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்கு அழைக்காமல் போ என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவர்கள், வாசலில் நின்று மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, போகலாம்தான், இது இருக்கிறதே என்றார்கள். ஆண்கள் முழுக்கைச் சட்டைக்கு மாறினார்கள். பெண்கள் வளையலைக் கூட்டினார்கள். ராசா, பாரோய் ஊர்ப்பக்கம் குடிபோனவர்களைக் காப்பும் தொடர்ந்து போனது. பாசார் சந்தையில் மெராந்தித் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் முகத்தைப் பார்க்கும் முன் மணிக்கட்டைப் பார்ப்பார்கள். பிறகு கோழி விலையைப் பற்றிப் பேசுவார்கள்.

இடைவெளி எல்லாப் பக்கமும் வளர்ந்தது. முத்தாயி வீட்டைச் சுற்றி முதலில் கோழிகள் போகாமல் விட்டன. பிறகு புல் விலகியது. செம்பனை மரங்கள் வேரோடு நகர்ந்து ஓரத்துக்கு வந்து நின்றன. குலை வெட்டுகிறவர்கள் வரிசை எண்களை மாற்றி எழுதிக்கொண்டார்கள். மழை அந்த வட்டத்தின் ஓரம்வரை பெய்து நின்றது. உள்ளே குறைந்தது எல்லாம் ஓரத்தில் கூடியது. லயத்து வீடுகள் கோயிலைச் சுற்றி நெருங்கி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தன. ஒரு டின் அரிசி போட்டால் இரண்டு டின் சோறு வந்தது. கறி தானாகவே கெட்டியானது. பலா மரங்கள் அடியிலும் காய்த்தன. திருவிழா ஒவ்வோர் ஆண்டும் பெரிதானது, கிள்ளான்வரை பேசப்பட்டது. அம்மன் அருள் என்றார்கள். அருள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்க யாரும் திரும்பவில்லை. புனிதா பார்த்தாள். அவள் அடுப்படிச் சுவர்தான் பிளந்த சுவரின் பாதி. அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி அவளால் சமைக்க முடியவில்லை. முகத்தைக் காட்டியும் முடியவில்லை. பக்கவாட்டில் நின்று சமைத்துப் பழகினாள். கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

முத்தாயிக்கு அரிசி பருப்பு கொண்டுபோனவர் ஹரோல்ட் மட்டும். மோட்டார் சைக்கிள் பாதி வழியில் நின்றுவிடும். காற்றில்லாமல் எண்ணெய் எரியாது; முத்தாயி வீட்டு விளக்கு மட்டும் எப்படியோ எரிந்தது. தள்ளிக்கொண்டு போவார். மூச்சுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டால், அங்கே அது அவ்வளவு தேவைப்படவில்லை என்பார். ஓய்வு பெற்று ராசாவுக்குப் போன பிறகும் வந்துகொண்டிருந்தார். சென்ற ஆண்டு அவருக்கு முழங்கால் போய்விட்டது.

குமுதவல்லி தாதியானாள். மணிக்கட்டில் ஒன்றும் இருக்கக் கூடாத வேலை. காலையில் வெட்டிவிட்டுப் போவாள், மதியம் கழிவறையில் மறுபடி வெட்டுவாள். பாரோயில் தனியாக வீடு எடுத்திருந்தாள். ஒரு விடுமுறை நாளில் தோட்டத்துக்கு வந்து, கைப்பையைத் திறந்து, வெட்டிய மஞ்சள் நூல்களைச் சாப்பாட்டு மேசையில் கொட்டினாள். ஒரு சட்டி நிறைய இருக்கும்.

“நான் தூங்கிக்கிட்டுத்தானேம்மா இருந்தேன்,” என்றாள்.

புனிதா நூல்களைக் கூட்டி அள்ளினாள். அவளுக்கு எங்கே போடுவது என்று தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குமுதவல்லி சாப்பிடாமல் போய்விட்டாள்.

அடுத்த மாதம் ஹரோல்டின் மகள் ஜெனவீவ் வந்தாள். பாங்கி ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வானத்துப் பாழ்வெளிகளைப் படிக்கிறவள். அப்பாவுக்குப் பதிலாக அரிசி மூட்டையை முத்தாயி வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். பிறகு ஓரத்தில் முக்காலி நிறுத்தி, தொலைநோக்கிக் குழாய் ஒன்றை அந்த வீட்டு விளக்கைப் பார்க்க வைத்து, ஒரு வாரம் அளந்தாள். புனிதா அவளுக்குச் சோறு கொண்டுபோனாள். வேறு யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

“வானத்துலயும் இப்படித்தான் ஆன்ட்டி. நட்சத்திரக் கூட்டமெல்லாம் ஓரத்துல நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்கும், நம்ம லயம் மாதிரி. நடுவுல பெரிய பெரிய பாழ்.”

“பாழ்னா ஒண்ணுமே இருக்காதா?”

“இருக்கும். ஹைட்ரஜன் வாயு. ஆனா ரொம்ப மெலிசு. ஒரு அறைக்கு ஒரு அணுன்னு வெச்சுக்குங்க.”

முத்தாயி வீட்டுக்கு முன்னறை, பின்னறை, அடுப்படி. புனிதா மனதில் எண்ணினாள். மூன்று.

“அதுவும் முழுசா இருக்காது,” என்றாள் ஜெனவீவ். “அதுக்குத் துணைன்னு இருக்கிறதே ஒரு எலக்ட்ரான். எங்கேயோ இருந்து வர்ற வெளிச்சம் அதையும் பிடுங்கிட்டுப் போயிடும். உள்ள இருக்கிற வாயு கொஞ்சம் கொஞ்சமா ஓரத்துக்கு ஓடும். பாழ் மெலியும், ஓரம் கொழுக்கும். இந்தப் பலாக்காயெல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க?”

புனிதா ஓரத்துப் பலா மரங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“எங்கேயாவது ஒரு அணு முழுசா தப்பிச்சு இருக்கும். அதத் தாண்டிப் போற வெளிச்சத்துல ஒரே ஒரு நிறத்த மட்டும் அது குடிச்சிடும். வானத்துல அது நம்ம கண்ணுக்குத் தெரியாத நிறம். இங்க மஞ்சள். அதனாலதான் அந்த விளக்கு வெள்ளையாத் தெரியுது பாருங்க. இந்தப் பக்கத்து மஞ்சளும் அங்க போகாது.”

“எப்ப இருந்து?”

“பாழ் விழுந்த நேரத்துல இருந்துதான். வேற எப்ப?”

புனிதா சோற்றுத் தூக்கை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. மூன்று முறை அழுத்தினாள். அன்று காலை வாசலில் நின்ற முத்தாயி என்ன பார்த்திருப்பாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மொத்த லயமும் வரிசையாக நின்று வெறுங்கையைத் தூக்கிக் காட்டியதைப் பார்த்திருப்பாள். போய்வா என்பதுபோல. எங்களிடம் ஒன்றுமில்லை என்பதுபோல. இத்தனை ஆண்டு வெட்கத்திலும் புனிதாவுக்கு ஓர் ஆறுதல் இருந்தது: காரணத்தையாவது காட்டினோமே. அதுவும் போய்ச்சேரவில்லை.

“இன்னும் வளருமா?”

“வளரும். இப்ப நடந்து போயிடலாம், ஒரு பகல்தான். வர்ற வருஷம் நீங்க நடக்கிறதவிட வேகமா அந்த வீடு தள்ளிப் போகும். அப்புறம் போகவே முடியாது.” ஜெனவீவ் குழாயைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். “ஆன்ட்டி, அரிசி வைக்கப் போனப்ப அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. புனிதா நல்லா இருக்காளான்னு.”

மறுநாள் விடியும் முன் புனிதா சமைத்தாள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலிருந்துதான் சோறு போக வேண்டும். அந்தச் சோறு பதிமூன்று ஆண்டு தாமதம். சோறும் பருப்பும் ரசமும் தூக்கில் வைத்தாள். வீட்டில் சுவரைப் பார்த்து நேராக நின்று அவள் சமைத்தது அன்றுதான். புவனேஸ்வரன் எழுந்துவந்து கதவுக்குக் குறுக்கே நின்றான். வரும் வாரம் திருவிழா. அவன் இன்னும் தலைவர்.

“கையில காப்போட சாவு வீட்டுக்குப் போறியா? தீட்டு புனிதா.”

“தீட்டு அங்க இல்லங்க.”

“ஊரு என்ன சொல்லும்?”

“அன்னைக்கு என்ன சொல்லுச்சோ அதையே சொல்லும். ஒண்ணும் சொல்லாது.”

அவன் விலகவில்லை. அவள் பின்கதவு வழியாகப் போனாள். அன்று விடிகாலை கோயிலுக்கு ஓடத் திறந்த அதே கதவு. ஆனாலும் திறந்தாள்.

கடைசிச் செம்பனை மரத்தைத் தாண்டியதும் மணம் நின்றது. ரசத்தின் மணம் தூக்கைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு சத்தம் நின்றது. அவள் செருப்புச் சத்தம் கடைசியாகப் போனது. உடம்பு லேசானது. கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தாள். வானம் பகலிலேயே கறுத்திருந்தது. திரும்பிப் பார்த்தபோது லயம் ஒரு நூலில் கோத்த மணிகள்போல் ஓரமெல்லாம் நெருங்கி நின்றது. அங்கிருந்து பார்க்கும்போது அது அழகாக இருந்தது. அதற்காகவும் அவள் வெட்கப்பட்டாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதில் அடுக்கினாள். முதலில் கட்டிப்பிடித்து அழ வேண்டும், அதுதான் முறை. பிறகு, காப்புக் கட்டியிருந்தோம் அக்கா என்று சொல்லிக் கையைக் காட்ட வேண்டும். நூலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். மணியம் அண்ணன் முறுக்கிய நூல். முத்தாயிக்கு அடையாளம் தெரியாமல் போகாது. அதற்குப் பிறகு மீதியைச் சொல்லலாம். பாதி வழியில் இளைப்பாற உட்கார்ந்து தூக்கைத் திறந்தாள். பருப்பு வெளுத்துச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. சோறு மட்டும் சோறாகவே இருந்தது.

பொழுது சாயும் நேரத்துக்கு வீடு வந்தது. லயத்திலிருந்து அறுத்தெடுத்த ஒற்றை வீடு. பிளந்த சுவரின் மற்றப் பாதி அதன் பக்கவாட்டில் இருந்தது. அதில் புனிதாவின் கரண்டி மாட்டும் ஆணி இருந்தது. அவள் அடுப்புப் புகையும் இருந்தது. முத்தாயி அதைத் துடைக்காமல் விட்டிருந்தாள்.

முத்தாயி வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. அவிழ்ந்தபடியே இருந்தது. புனிதாவைப் பார்த்து முறத்தைக் கீழே வைத்தாள். காற்றில்லாத இடத்தில் பேச்சு எப்படிக் கேட்டது என்று ஜெனவீவ் பிறகு விசாரித்தாள். கேட்டது என்று மட்டும் புனிதா சொன்னாள். ஜெனவீவும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

“வாடி,” என்றாள் முத்தாயி. “ரொம்ப மெலிஞ்சுட்ட.”

கட்டிப்பிடிக்கப் போன புனிதாவுக்குக் கை வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். முத்தாயி எழுந்து தூக்கை வாங்கி உள்ளே வைத்தாள். முன்னறையில் மணியத்தின் பாய் சுருட்டி வைத்திருந்தது. அதன் பக்கத்தில் விளக்கு எரிந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். பேச வேண்டியது யார் என்று இருவருக்கும் தெரியும். புனிதா வழியில் அடுக்கியதைத் தேடினாள். கடைசியில் ஒன்றுதான் கிடைத்தது.

“காப்பு கட்டியிருந்தோம்க்கா. அதான் வர முடியல. இங்க பாரு.”

வளையல்களை மேலே தள்ளி இடது கையை விளக்குக்கு நேராக நீட்டினாள். அப்போதுதான் அவளும் பார்த்தாள். மணிக்கட்டில் நூல் இல்லை. வலது கை விரலால் தடவினாள். முடிச்சு இல்லை, தோல் மட்டும் இருந்தது. முத்தாயி முன்னால் குனிந்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கி, விளக்கின் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபம் இல்லாமல்தான் கேட்டாள்.

“வெறுங்கையாத்தானே இருக்கு புனிதா. அப்புறம் ஏண்டி வரல?”